ஒரு நாள் முந்தி வந்த பெருநாள்

தில்லையடியில எங்கட ஒழுங்கையில ஒவ்வொரு வருஷமும் இருபத்தொன்பதாம் நோம்பு திறந்த கையோட ஒரு கூத்து நடக்கும். பிறை கண்டாச்சு எண்டு ஆரோ ஒரு வேலையத்தவன் வட்ஸ்அப்பில போடுவான். இன்னொருத்தன் இல்லையெண்டு போடுவான். உம்மா முட்டைத் தட்டைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு, "நாளைக்குப் பெருநாளா இல்லையா, ஆராவது ஒரு முடிவச் சொல்லுங்களன்" எண்டு கத்துவா. முட்டையில செய்யிற வட்டிலப்பத்தை இண்டைக்கே அவிச்சாத்தானே நாளைக்குப் பெருநாள் விருந்தில வைக்கலாம்.

இந்தக் கூத்துக்கு நான் முடிவு கட்டுறன் எண்டு அந்த வருஷம் வாயக் குடுத்தன். சும்மா இல்ல, எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. கொழும்பில ஒரு கொம்பனி என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வாப்பா ஓமும் சொல்லல்ல, இல்லையும் சொல்லல்ல. அவர் தையல்காரர். ரெண்டு தரம் அளக்காமக் கத்திரிக்கோலைத் தொட மாட்டார். "பெருநாள் கழியட்டும், பாப்பம்" எண்டார். அந்தப் "பாப்பம்" எங்கட வீட்டில எத்தனை விஷயத்தைப் புதைச்சிருக்கு எண்டு எனக்குத் தெரியாதா? அதனால, நான் படிச்ச படிப்பு என்னத்துக்கு உதவும் எண்டு அவர் கண்ணால காண வேணும்.

ப்ரோகிராம் இருபது வரிதான். பிறை அறிவிப்புப் போடுற மூண்டு செய்தித் தளங்களின்ட முகவரியைப் பட்டியலாக் குடுத்தன். அது நிமிஷத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு சேர்வரிட்டயும் போய்ப் பக்கத்தைக் கேட்டு வாங்கும். வந்த எழுத்துக்குள்ள "பிறை தென்பட்டது" எண்டு இருக்குதா எண்டு தேடும். இருந்தா, காலையில பாண், பணிஸ் விக்க வாற ரொட்டிக்கடை ஓட்டோவின்ட பாட்டை முழுச் சத்தத்தில போடும். அந்தப் பாட்டு என்ட சேட்டை.

எழுதினது வேலை செய்யுதா எண்டு பாக்க வேணாமா? சோதிச்சுப் பாக்க ஒரு பிறையை வரவழைக்க ஏலாது. அதனால போன வருஷத்து அறிவிப்புப் பக்கத்தைத் தேடிப் புடிச்சு, அதின்ட முகவரியைப் பட்டியல்ல நாலாவதாச் சேர்த்தன். பாண் பாட்டு அலறினது. பக்கத்து வீட்டு மாமி பையோட வாசலுக்கு ஓடி வந்து, ஓட்டோவைக் காணாமத் தெருவை மேலயும் கீழயும் பாத்தா. நான் விழுந்து விழுந்து சிரிச்சிட்டுக் கொம்பியூட்டரை மூடினன். நாலாவது முகவரியை அழிக்க மறந்திட்டன்.

இருபத்தொன்பதாம் நோம்பு வந்தது. பேரீச்சம்பழத்தைக் கடிச்சு, கஞ்சியில ரெண்டு மடக்குக் குடிச்சு, மஃரிபைத் தொழுதிட்டு ப்ரோகிராமை ஓட விட்டன். விட்ட உடனேயே பாட்டு! வானம் இன்னம் சிவப்பாத்தான் கிடக்கு, பிறை பாக்கப் போனவங்க வீட்டுக்குத் திரும்பக்கூட இல்ல. ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். நான் எங்க யோசிச்சன்? "பாத்தீங்களா வாப்பா, ஆருக்கும் முந்தி எங்களுக்குத்தான் வந்திருக்கு!" எண்டு துள்ளினன்.

சத்தமாக் கதைச்சு நான் கேட்டேயிராத மனுசன் வாசலுக்குப் போய், "என்ட மகளின்ட கொம்பியூட்டர் சொல்லிட்டுது, நாளைக்குப் பெருநாள்!" எண்டு முழு ஒழுங்கைக்கும் கேக்கச் சொன்னார். வட்ஸ்அப்பை நம்பாத சனம் வாப்பாவை நம்பினது. சின்னதுகள் சீன வெடி கொளுத்திச்சுகள். வீட்டுக்கு வீடு முட்டை உடைஞ்சது. உம்மா முப்பது முட்டையைத் தேங்காய்ப்பாலோடயும் கருப்பட்டியோடயும் அடிச்சு அடுப்பில ஏத்தினா.

இஷாத் தொழுகைக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கி சொன்னது: பிறை எங்கயும் தென்படல்ல, நாளைக்கு முப்பதாம் நோம்பு.

கொம்பியூட்டருக்கு ஓடினன். பட்டியலைத் திறந்தன். நாலாவது முகவரி அப்படியே கிடந்தது. அட மடைச்சி!

முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாசலா ஏறினன். "பிழை வாப்பாட இல்ல, என்ட." மாமி தலையில அடிச்சா. "நாப்பது முட்டை புள்ள! நாளைக்கு நோம்பு வாயோட இந்த வாசத்தை எப்படித் தாங்குற?" எதிர்வீட்டு ராத்தா, "உன்ட கொம்பியூட்டருக்கு நோம்பு மயக்கமா?" எண்டு கேட்டு வயித்தைப் புடிச்சுச் சிரிச்சா. நானும் சிரிச்சன், ஆனா உள்ளுக்குள்ள அறுத்தது. வாழ்க்கையில ஒரே ஒருக்கா அந்த மனுசன் என்னை வைச்சுப் பெருமைப்பட்டார், அதையும் நான் கெடுத்திட்டன். கொழும்பு போச்சு எண்டு முடிவெடுத்திட்டன்.

அடுத்த நாள் முழுக்க வாப்பா தையல் மெசினிலேயே குனிஞ்சு கிடந்தார். பொழுதுபட, முப்பதாம் நோம்பை முழு ஒழுங்கையும் வட்டிலப்பத்தால திறந்தது. வாப்பா ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.

"கொழும்பில எப்ப வரச் சொன்னாங்க?"

"அடுத்த மாசம்."

"போ" எண்டார். "இங்கயே இருந்தியெண்டா இந்த ஒழுங்கைக்கு வருஷத்துக்கு நாலு பெருநாள் வந்திடும்."

உம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில முக்காட்டால கண்ணைத் துடைச்சா. வாப்பா கை கழுவ எழும்பிப் போயிட்டார். மாசக் கணக்கா சண்டை பிடிச்சுக் கேட்ட சொல்லு அது. கேட்ட உடனே எனக்குப் போக மனமே இல்லாமப் போச்சு. அதை நான் ஆருக்கும் சொல்லல்ல.