ஜெர்மன் சிவப்பு வைனும் ஆட்டிறைச்சிக் கறியும்

வைன் ருசிக்கக் கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். கடையில் நின்று எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும். வெளிநாட்டில் எங்கள் ஆட்கள் நிறைய வாழும் வெக்ஸ்போர்ட்டில் ஒரு மதுக்கடை. வெள்ளி முதல் ஞாயிறு வரை அங்கே ஒரு மேசையைப் போட்டு, குட்டிக் கிளாஸில் ஊற்றி நீட்டுவேன். இந்த முறை வந்தது ஜெர்மன் சிவப்பு வைன். இரண்டு மூன்று வகைத் திராட்சையைக் கலந்து செய்தது, லேசான இனிப்பு. மாத முடிவுக்குள் அது விற்காவிட்டால் வைனோடு மேசையையும் எடுத்துவிடுவோம் என்றார் மனேஜர். மேசை போனால் நானும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஊர் விசாரணை

முதல் நாள் வந்த அங்கிளுக்கு வைன் பிடித்துவிட்டது. இரண்டாம் தரமும் கிளாஸை நீட்டினார். கோழிப் பொரியலோடு நன்றாக இருக்கும் என்று தமிழில் சொன்னேன். அதுதான் நான் விட்ட பிழை. எந்த ஊர், அப்பா பெயர் என்ன என்று விசாரிக்கத் தொடங்கினார். சொன்னதும் முகம் மாறிவிட்டது. அப்பாவும் அவரும் ஒரே கோயில் நிர்வாக சபையாம். கையில் எடுத்த போத்தலை மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தார்.

“பிள்ளை, நான் இங்கை பார்க்கிங்குக்குத்தான் வந்தனான்.”

வெள்ளிக்கிழமை விரதம்

அடுத்தவர் பிறம்ரனில் லொறி ஓடும் அண்ணை. வாத்து, மான் இறைச்சி என்று கம்பனி சொல்லித் தந்ததை ஒப்பித்தேன். இன்று வெள்ளி, மச்ச மாமிசம் தொடமாட்டேன் என்றார். வைன் மட்டும் குடிக்கலாமா என்று நான் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் வியாபாரம் போய்விடும். கத்தரிக்காய்க் குழம்பு பொருந்தும் என்றேன். தலையாட்டிவிட்டு, வைனுக்குள் முட்டை கிட்டை போடுகிறார்களா என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. கம்பனிக்குப் போன் அடித்தேன். வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது உண்டாம்.

“அப்ப நான் விஸ்கியே எடுக்கிறன் தங்கச்சி. அது சுத்த சைவம்.”

சம்பந்தி விருந்து

மாதம் முடிய ஒரு கிழமை இருக்க, வேறு ஒரு அங்கிளும் அன்ரியும் வந்தார்கள். மகள் விரும்பிய பையன் ஜெர்மன்காரன். அவனுடைய தாய் தகப்பன் ஞாயிறு முதல் தடவையாகச் சாப்பிட வருகிறார்கள். அங்கிளுக்கு ஒரே பதற்றம். எங்கள் சாப்பாடு பிடிக்காவிட்டால் அவர்கள் பிறகு வரமாட்டார்கள், மகளும் மெல்ல மெல்லத் தூரமாகிவிடுவாள் என்றார். எனக்கும் பாவமாக இருந்தது. வைனை அரை மணித்தியாலம் குளிரவைக்கச் சொன்னேன். ஆட்டிறைச்சிக் கறி சமைக்கலாம், உறைப்பு கூடினால் வைன் எடுபடாது, மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறையுங்கள் என்றேன். அன்ரியோ, தன்னுடைய சமையலறைக்குள் நான் செருப்போடு நுழைந்துவிட்டதுபோல் பார்த்தார்.

அடுத்த வெள்ளி அன்ரி தனியாக வந்தார். உறைப்பைக் குறைத்தீர்களா என்று கேட்டேன்.

“எனக்குக் கை வரேல்லை பிள்ளை, இன்னும் கூட்டித்தான் போட்டன். சம்பந்தி வேர்த்து ஒழுக ஒழுகச் சாப்பிட்டார், வாய்க்கு வாய் உந்த வைன்தான். சம்பந்தியம்மா மிச்சக் கறியையும் கட்டிக்கொண்டு போனவ. கலியாணத்துக்கு இங்கை இருக்கிற வைன் பெட்டி எல்லாம் வேணும், மனேஜரைக் கூப்பிடு.”

ஆகவே இந்த வைனுக்கு எந்தக் கறி பொருந்தும் என்று யார் கேட்டாலும் உறைப்பைக் கூட்டுங்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன், என் வேலை இப்போது அன்ரியின் மிளகாய்த்தூளில்தான் ஓடுகிறது.