கியர் ஆடப்படாது

எங்க முதலாளிக்கு டிசைன்னா காதுதான். பம்பாய் செம்பூர் ஆபீஸ்ல பிளாஸ்டிக் கியர் வரையுத வேலை எனக்கு. செஞ்சு வந்த சாம்பிளை அவரு பெட்டியோட தூக்கிக் காதுகிட்ட வச்சு, தேங்கா வாங்குத மாதிரி குலுக்குவாரு. கடகடன்னா மூஞ்சி கோணிரும். "இதோ பாரும்மா, கியர் ஆடப்படாது." மாட்டுங்காவுல பொறந்து, நாலு இங்கிலீஷ் வார்த்தைய இஸ்திரி கலையாம பேசிட்டா, நைலான் கியரும் கைகட்டி நிக்கும்னு நெனப்பு.

நைலான் எவன் பேச்சையும் கேக்காது. ஈரக்காத்தைக் குடிக்கும், குடிச்சா உப்பும். பம்பாய் மழையில மரக்கதவே உப்பிப்போய் மூட மாட்டேங்குது, கியர் உப்பாதா? அதுக்குத்தான் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டு வரையுதது.

நாங்க செஞ்சது என்ன சாமான்னு நெனக்கீங்க? சுவிட்சைத் தட்டினா சீலிங்லேர்ந்து இறங்கி ஏறுத துணிக்கொடி. மழைக்காலத்துக்குன்னே செய்யுதது! மண்டைய ஒடச்சு நான் தனியா வரைஞ்ச முதல் டிசைன். அதுல கியர் மாட்டுத தண்டு ரெண்டையும் நெருக்கி வைக்கச் சொல்லிட்டாரு, சத்தம் வரக்கூடாதாம். "சார், ஜூலைல பூட்டிக்கும்"னேன். "ஏசி ரூம்லே நன்னாத்தானே சுத்தறது?"ன்னாரு. ஏன், ஈரத்துணிய ஏசி ரூம்லயா காயப்போடப் போறாங்க? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

மே மாசம் பாண்டுப்லேர்ந்து ஒரு கடைக்காரர் பாக்க வந்தாரு. கொடி வழுக்கிக்கிட்டு இறங்குச்சு. "என் டிசைன்"ன்னாரு முதலாளி, நாக்கு கூசாம. நான் பக்கத்துலயேதான் நிக்கேன். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஜூலைல அதே கடைக்காரர் ஆர்டர் பேச வந்தாரு. ஆபீஸ் பால்கனியில மாட்டியிருந்த கொடி ஈரத்துண்டோட உச்சியில நின்னுபோச்சு. மோட்டார் முனங்குதே தவிர இறங்கல. முதலாளி சட்டுன்னு என்னைக் கைகாட்டி, "டிசைன் இவ பண்ணினது"ன்னு ஹிந்தியில சொல்லிட்டாரு. அடப்பாவி மனுசா! ஓடினா ஒம்பிள்ள, நொண்டினா எம்பிள்ளயா? பூட்டிக்கிட்டு நிக்குத கியரை வரைஞ்சவ இவதான்னு பேரெடுத்துட்டா, இந்தத் தொழில்ல அப்புறம் எவன் என்னை நம்பி வேலை குடுப்பான்?

ஸ்டூல்ல ஏறினேன். பெட்டியைப் பிரிச்சு, மெஷின்லேர்ந்து வந்ததும் காத்துப் புகாம கவர்ல ஒட்டி வச்சிருந்த புதுக் கியர்களை மாட்டினேன். சுவிட்சைத் தட்டினேன். கொடி இறங்குச்சு. "ரெண்டும் ஒரே அச்சுல வார்த்ததுதான். அது ஒரு மாசமா மழைக்காத்தைக் குடிச்சிருக்கு, இது இன்னும் குடிக்கல. ஆடக்கூடாதுன்னு நெருக்கினா இப்படித்தான்"னேன் கடைக்காரர்கிட்ட.

"நானும் அதைத்தானே சொல்றேன், இடம் விடணும்" அப்படின்னு தலையாட்டுதாரு முதலாளி. சீ, இதெல்லாம் ஒரு பொழைப்பா!

கடைக்காரர் அவரு பக்கம் திரும்பி, "சரி, எவ்வளவு விடணும்?"னு கேட்டாரு.

முதலாளி என்னைப் பாத்தாரு. நான் மழையைப் பாத்தேன். எவ்வளவுன்னு நுனிநாக்குல நிக்குது, விழுங்கிக்கிட்டேன். அவரு கனைச்சாரு, கண்ணாடியைத் துடைச்சாரு, மறுபடி கனைச்சாரு. கடைசியில, "அது... அவளுக்குத்தான் தெரியும்"னு சொன்னாரு.

அப்புறந்தான் நான் அவரோட நாற்காலியை இழுத்துப் போட்டு, கடைக்காரருக்கு எதிர்ல உக்காந்தேன்.