சகுந்தலா அக்கா மறுக்கவில்லை

சகுந்தலா அக்கா பரிசோதனைக்கு வர மறுத்தார் என்று பதிந்தேன். பொய். அவர் மறுக்கவே இல்லை.

திட்டுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்றுக்காகக் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பெண்களை முகாமுக்கு அழைத்து வருவது என் வேலை. கையில் டேப்லெட். அதில் மூன்றே பொத்தான்கள்: சம்மதம், வீட்டில் இல்லை, மறுப்பு. வீட்டில் இல்லை என்றால் மூன்று முறை போக வேண்டும். மறுப்பு என்றால்... விரலால் ஒரு தொடுதல். அந்த வீடு முடிந்தது!

'வேலை முடிந்து வருகிறேன்' என்பதற்குப் பொத்தான் இல்லை. அந்தப் பொத்தான்களை வைத்தவர்கள் அறுவடைக் காலத்தில் ஒரு கிராமத்தைப் பார்த்திருப்பார்களா?

அக்காவை நிலக்கடலை வயலில்தான் பிடித்தேன்.

"மாட்டேன்னு சொல்லலம்மா. மல்லாட்ட புடுங்கினு இருக்கோம், ஆளு கம்மி. வியாழக்கெழம வா, உன் கூடவே வரேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தீட்டு நின்னு நாலு வருஷமாச்சு. இப்ப மறுபடியும் படுது. யாராண்டயும் சொல்லல."

பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒருத்தி கத்தினாள். "என்னாடி ரகசியம்? மாப்ள பாக்க வந்திருக்காங்களா?"

"ஆமாடி, உனக்குத்தான்!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நின்ற தீட்டு திரும்ப வந்தால் என்ன அர்த்தம் என்று பயிற்சியின் முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தெரிந்தேதான் சிரித்தேன்!

"கண்டிப்பா வரேன்க்கா" என்றேன்.

வியாழக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டம். பேருந்துகளையெல்லாம் திருப்பிவிட்டிருந்தார்கள். வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் போன் செய்தார். "அந்த ஊர்ல ஒரு வீடு தொங்கினு இருக்கே, என்னாச்சு? இன்னிக்கு முடிச்சாகணும்."

ஆட்டோ பிடித்திருக்கலாம். இன்னும் ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். நான் 'மறுப்பு' என்பதைத் தொட்டேன். அவ்வளவுதான்... அவ்வளவேதான்!

பிறகு செங்கம் சாலையில் ஒரு ஹோட்டல் அரங்கில் ஆய்வின் முடிவுகளைச் சொன்னார்கள். 'அழைத்தும் பெண்கள் வருவதில்லை, விழிப்புணர்வு இல்லை' என்று திரையில் ஓடியது. எனக்கு எரிந்தது. யாருக்கு விழிப்புணர்வு இல்லை? அந்த மறுப்புகளில் எத்தனை என் விரல் செய்தவை? எழுந்து கேட்டேனா? இல்லை. கை தட்டினேன்.

போன மாதம் மருத்துவமனை வரிசையில் அக்காவைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, வியாழக்கெழம பொண்ணு! அன்னிக்கு வேலைக்குப் போவாம, தலைக்குக் குளிச்சிட்டு, மதியம் வரைக்கும் ரோட்டாண்ட குந்தினு இருந்தேன். எந்த வியாழக்கெழமன்னு கேக்காம விட்டுட்டேன் பாரு."

அவர் கையிலிருந்த சீட்டை வாங்கிக்கொண்டு கூடவே உள்ளே போனேன்.

மருத்துவர் கோபப்பட்டார். "இவ்ளோ முத்திப்போய் வந்தா என்னம்மா பண்றது? ஊருக்கே கேம்ப் வந்துச்சே, அப்பவே வந்திருக்கலாம் இல்ல?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"மல்லாட்ட வேல இருந்துச்சு டாக்டர்."

என்னைக் காப்பாற்றினாரா? இல்லை, தன் தவறு என்றே நம்பினாரா? தெரியாது. கேட்கும் தைரியம் இன்றுவரை இல்லை.

அவருடைய சீட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன். மருத்துவர் அதில் எழுதி முடிக்கும் வரை நின்றேன். வாய் திறக்கவில்லை.