மணப்பாறை வரை போய்வந்த கார்

புத்தூரில் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோன எங்கள் பழைய டீசல் கார் தேறவில்லை. அதை விற்றுவிடலாம் என்று என் மனைவி பல நாளாகச் சொல்லிவந்தாள். பரிசோதித்தவர், "ஊருக்குள்ளயே ஓட்டுறீங்களா? அதான் கரி அடைஞ்சிருக்கு. ஏர் ஃபில்டரை மாத்திட்டு, ரொம்ப தூரம் நல்லா ஓட்டி, சூட்டோட கொண்டு வாங்க" என்றார்.

ஸ்ரீரங்கத்துக் கடைகளைத் தாண்டி அது எங்கும் போய் நாளாகியிருந்தது. நாங்களும்தான். ஃபில்டரை மாற்றி, மறுநாள் காலை மணப்பாறைக்குப் போய் முறுக்கு வாங்கினோம்.

அங்கிருந்து திரும்பக் கிளம்பும்போது அவள், "இந்தப் பக்கம் வாங்க, நான் ஓட்டுறேன்" என்றாள். லைசென்ஸ் எடுத்தபின் அவள் அதிகம் ஓட்டியதில்லை. முதலில் தடுமாறினாள். பிறகு சீராக, நேரே புத்தூருக்கே ஓட்டிவந்தாள்.

கார் தேறியது. விற்பதைப் பற்றி அவள் பேசவேயில்லை. "அடுத்த வாரம் தஞ்சாவூர் போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள்.