இடப்பக்கக் கருவி

திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. வேன்காரர் அப்போது கிடங்கு வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி வேலை செய்த தொழிற்கூடத்திலிருந்து அவளுடைய தோழி பேசினாள். "அண்ணா, அக்கா மேசையிலேயே சாஞ்சுட்டாங்க. டாக்டர் வந்து பாத்துட்டு... நீங்க உடனே வாங்கண்ணா."

எப்போதோ நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு வேன்காரருக்குக் கழுத்து திரும்பாது. துக்கம் கேட்க வந்தவர்கள் பக்கம் நாற்காலியோடுதான் திரும்பினார்.

எள்ளைவிடச் சிறிய கண்ணாடிகளைச் சோதிப்பது மனைவியின் வேலை. சிப்பில் செதுக்கிய அந்தக் கண்ணாடி, மின்னழுத்தம் கொடுத்தால் லேசாகச் சாயும். அதில் பட்ட லேசர் கதிர் சாய்ந்த பக்கம் போய், எதிரே நிற்பதைத் தொட்டுத் திரும்பித் தூரம் சொல்லும். கருவி அசையாது, கதிர்தான் அலையும்.

"உங்களுக்குக் கழுத்துதான் திரும்பல. என் கண்ணாடிக்குக் கழுத்தே இல்ல, அது எல்லாத்தையும் சுத்திப் பாக்குது. சும்மா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க" என்பாள்.

வண்டியின் பின்மூலை இரண்டும் ஓட்டுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி என்று கிடங்கு முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். அவள் மேலாளரிடம் கேட்டு, பின்மூலைக்கு ஒன்றாகப் பொருத்த, கழித்துப்போட்ட இரண்டு கருவிகளை வாங்கி வந்தாள். கண்ணாடி நடுவுக்குத் திரும்பாமல் சற்றே சாய்ந்து நிற்கும் உருப்படிகள். எவ்வளவு மின்னழுத்தம் கூட்டினால் நேராகும் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தேட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வலப்பக்கத்தை முடித்தாள். வண்டிக்குப் பின்னால் அவரை இங்கும் அங்கும் நிற்கவைத்து, மடிக்கணினியைப் பார்த்தபடியே அதட்டினாள்.

"ஆடாதீங்க. உங்க தொப்பையத்தான் அது முதல்ல பாக்குது."

"உன்ன மாதிரியே வளத்திருக்க."

இருட்டிவிட்டது. இடப்பக்கத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.

அடுத்த வாரம் தோழி மடிக்கணினியோடு வந்தாள். "இதை நான் முடிச்சுத் தர்றேண்ணா. நீங்க பின்னால போய் நில்லுங்க, போதும்."

அவர் வண்டியின் பாதி நீளம்வரை நடந்தார். அதற்குமேல் போகவில்லை.

"இன்னொரு நாள் பாக்கலாம்மா."

"மாசம் முடியப்போகுதுண்ணா. முதலாளி வேற வண்டி பாத்துடுவாரு."

"தெரியும்மா."

அவள் மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

முதலாளி வேறு வண்டி பார்த்துக்கொண்டார். இவர் அதே கிடங்கில் மூட்டை இறக்குகிறார். வேன் வீட்டு வாசலில் நிற்கிறது. இடப்பக்கக் கருவியைப் பிடித்திருக்கும் தகட்டுக்கு நான்கு திருகுகள். இரண்டைத்தான் அவள் முடுக்கியிருக்கிறாள்.