நுரையை ஒதுக்கி மொண்ட தண்ணீர்

ஆடி மாதம் எங்கள் மாரியம்மனுக்கு ஆற்றிலிருந்து தீர்த்தக்குடம் எடுத்து வருவோம். பாகலூர் ரோட்டுக்குக் குடி வந்த நாளிலிருந்து நான் ஒரு வருஷமும் விட்டதில்லை. ஆற்றில் கம்பெனிக் கழிவு கலந்து வெள்ளை வெள்ளையாக நுரை மிதக்க ஆரம்பித்த பிறகும் விடவில்லை. கையால் நுரையை ஒதுக்கி, குடத்து வாயில் துணி கட்டி வடித்து மொள்ளுவேன். வாடை தெரியாமலிருக்க மஞ்சளை இரண்டு கை கூடுதலாகப் போடுவேன். அம்மன் மன்னிப்பாள் என்று நினைப்பு. இதை என் தம்பியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

தம்பிக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. லீவு நாளில் நாடகம் எழுதுவான். எல்லாம் பத்து நிமிஷம், கால் மணி நேரம். கூட வேலை செய்கிற நாலு பேரோடு பஸ் ஸ்டாண்டு, சந்தை என்று போட்டுவிட்டு வருவான். மெஷினில் விரல் போனவன் கதை, தளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவள் கதை. எங்களுடையது எல்லையோர ஊர்; தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் சண்டை போட்டு, தெலுங்கில் அழுவார்கள்.

"எப்படா பெரிய நாடகம் எழுதுவ?" என்று கேட்டால், "ஷிப்ட் பஸ் வர்றதுக்குள்ள முடியணுமேக்கா" என்பான்.

ஒரு வருஷம் ஆடித் திருவிழாவுக்குக் கோயில் கமிட்டியில் அவனைத் திடலில் நாடகம் போடச் சொன்னார்கள். முன் வரிசையில் இருந்தேன். என் தம்பியே சேலை கட்டி, குடத்தோடு வந்தான். கையால் நுரையை ஒதுக்கினான். துணி கட்டினான். மஞ்சளை அள்ளி அள்ளிப் போட்டான். அம்மன் வேஷக்காரர் மூக்கைச் சுளிக்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"உன்னையாட்டமே இருக்குது பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னை இடித்தாள்.

உடம்பெல்லாம் கூசிப்போனது. எழுந்து நின்று, "சாமியைக் கேலி பண்றான், நிறுத்துங்க!" என்று கத்தினேன். கமிட்டிக்காரர் மைக்கை அணைத்துவிட்டார்.

"முழுசாப் பாத்திருக்கலாமேக்கா" என்றான் தம்பி.

"இனி என் வாசப்படி மிதிக்காதே" என்றேன்.

பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நான் அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். மாசியில், காலை ஷிப்டுக்குப் போகும்போது ஹைவேயில் லாரி மோதி, ஆளே போய்விட்டான்.

காரியம் முடிந்ததும் அவன் மனைவி அவன் நாடகம் எழுதிய நோட்டைக் கொண்டுவந்து, "இது உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணி" என்று கொடுத்தாள். நான் நிறுத்திய இடத்துக்குப் பிறகு இருந்ததைப் படித்தேன். அம்மன் பீடத்திலிருந்து இறங்கி வருகிறாள். "நீ என்ன பண்ணுவ தாயி, கிடைச்ச தண்ணியத்தானே கொண்டாந்த. இடுப்பு வலிக்கும், இறக்கி வை. ஆத்தக் கெடுத்தவன ரெண்டு பேருமாப் போய்க் கேப்போம்" என்கிறாள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்: அக்காவை முன் வரிசையில் உட்கார வைக்கணும்.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பூஜை அறையில் உட்கார்ந்திருந்தேன். விளக்கேற்றக் கை வரவில்லை.

அவன் கூட்டாளிகளிடம் போய், மறுபடி போடுங்கள் என்றேன். "குடம் தூக்க ஆள் இல்லியேக்கா" என்றார்கள்.

"நான் தூக்கறேன். ஆனா வசனம் பேச வராது."

"அந்தப் பொம்பளைக்கு வசனமே இல்லக்கா."

அனுமதி கேட்க அதே கமிட்டிக்காரரிடம் போனோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்கு நிறுத்தச் சொன்னது நீதானேம்மா?"

"ஆமாங்க. நான்தான்."