டோப்பா மன்னனும் திருவிழாப் பந்தலும்

திருவிழாப் பந்தலில் தனக்கிருந்த இடத்தை விற்று, அந்தப் பணத்தில் வழுக்கைத்தலை மன்னன் ஒருவனை வாங்கிவிட்டார் பவுலினோ என்று பிப்ரவரிக் கடைசியில் செவில் நகரத்தில் பேச்சு. முதல் மதுக்கடையில் மன்னனின் விலை இரண்டாயிரம் யூரோ. தெரு தாண்டி அடுத்த கடைக்கு வருவதற்குள் மூவாயிரம். முடிதிருத்தகத்தில் கூடவே ஒரு காரும் சேர்ந்துகொண்டது.

செவில்காரர் வீட்டை விற்றால் ஐயோ பாவம் என்பார்கள். காரை விற்றால், நல்லதாப் போச்சு, நிறுத்தத்தான் இடமில்லையே என்பார்கள். பந்தல் இடத்தை விற்றார் என்றால் வைத்தியருக்கு ஆள் அனுப்புவார்கள். வசந்தத் திருவிழாவில் சொந்தப் பந்தலுக்குள் உட்கார்ந்து குடித்து ஆடும் பாக்கியம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது. புதிதாக வேண்டுமென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயரெழுதிவிட்டு நிதானமாக நரைக்கலாம். எனவே இந்தச் செய்தியை உரசிப் பார்க்காமல் விடுவது தர்மமாகாது.

முதல் உரசலிலேயே கொஞ்சம் உதிர்ந்துவிட்டது. அந்த இடம் பவுலினோவுடையதே இல்லை. அவர் மனைவி சாலுத்தின் அப்பா விட்டுப்போனது. தன்னுடையதில்லாததை விற்கும் சாமர்த்தியம் பவுலினோவுக்குக் கிடையாது. அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர், அரசியல்வாதி அல்ல. ஆனால் மன்னன் நிஜம். வழுக்கையும் நிஜம்.

பதினொரு வருடம் முன்பு பவுலினோ சிகரெட்டை விட்டார். திரியானா சந்தையில் மீன்கடை வைத்திருக்கும் சாலுத் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். "புகையா விட்ட காசுல மாசம் நாப்பது யூரோ உனக்கு. என்ன எழவையாவது வாங்கிக்கோ. நாப்பத்தொண்ணு கேட்டேன்னா திரும்பப் புகைக்கவே போயிடு."

பவுலினோ வாங்கிய எழவு, பழைய ரோமானியக் காசுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கபில்தோ சதுக்கத்து வளைவுகளின் கீழே காசு, தபால்தலை விற்பவர்கள் மேசை போடுவார்கள். பவுலினோவுக்கு ரோமை ஆண்ட முதல் பன்னிரண்டு சீசர்களையும் வரிசையாகச் சேர்க்கவேண்டும் என்று ஆசை. மாதம் நாற்பதில் அது முடியுமா என்றால், முடியும். வெள்ளி வேண்டாம், செம்பு போதும்; மூக்கு தேய்ந்திருந்தாலும் சரி, பெயர் படிக்க வந்தால் போதும் என்று மனதைப் பழக்கிக்கொள்ள வேண்டும். நீரோ செம்பில் வந்தான். கலிகுலாவும் செம்பில்தான் வந்தான், கழுத்தில் பச்சை பிடித்து. அப்படியே பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

பன்னிரண்டாமவன் ஓதோ. மூன்றே மாதம் ஆண்டவன். ரோமில் அவன் பெயரில் வெள்ளியும் தங்கமும் அடித்தார்கள். செம்பு அடிப்பதற்குள் ஆளே முடிந்துபோனான். அதனால் ஏழைக்கேற்ற ஓதோ என்று ஒன்று கிடையாது. தலையில் அழகாகச் சுருள் சுருளாக முடி. எல்லாம் டோப்பா. மூன்று மாத ஆட்சிக்கும் ஒரு டோப்பாவுக்கும் ஆயிரத்து இருநூறு யூரோ கேட்கிறது உலகம்.

இதற்காகவே பவுலினோ ஒரு பலகார டப்பா வைத்திருந்தார். நாற்பதில் இருபது டப்பாவுக்கு என்பது சட்டம். சட்டத்துக்கு எதிரி, காசுக்காரர் இலாரியோவின் மேசை ஓரத்தில் இருந்த பொறுக்குத் தட்டு. எதை எடுத்தாலும் இரண்டு யூரோ. மண்ணும் களிம்புமாக யாரென்றே தெரியாத மன்னர்கள். இரண்டு யூரோதானே என்று எடுக்க எடுக்க, வீட்டு இழுப்பறையில் அந்த அநாமதேய மன்னர்கள் இருநூறு பேர் குடியேறிவிட்டார்கள். டப்பா மட்டும் பதினொரு வருடத்தில் நானூற்றெண்பதைத் தாண்டவில்லை.

பிப்ரவரி முதல் ஞாயிறு, இலாரியோ குரலைத் தாழ்த்தினார். "பவுலினோ, உங்க ஆளு வந்திருக்காரு."

காசு தேய்ந்திருந்தது. கன்னத்தில் ஒரு பழைய வெட்டு. ஆனால் ஓதோ. எடை சரியாக இருந்தது, போலியைக் காட்டிக்கொடுக்கும் வார்ப்புக்கோடு விளிம்பில் இல்லை, இலாரியோ ரசீதும் எழுதித் தருவார். அறுநூற்றிருபது.

"பல் டாக்டர் ஒருத்தர் கேட்டிருக்காரு. மத்தியானம் வர்றேன்னு சொன்னாரு," என்றார் இலாரியோ.

நூற்றுநாற்பது குறைந்தது. பவுலினோ வீட்டுக்கு ஓடினார். சமையலறை அலமாரியில் சாலுத்தின் உறைகள் வரிசையாக நின்றன: மின்சாரம், கடை வாடகை, பல், பந்தல். பந்தல் உறையில் கடைசித் தவணை நூற்றைம்பது. பிப்ரவரிக் கடைசி ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குள் பந்தல் செயலாளர் தாமியானிடம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் பட்டியலில் அடுத்தவர் உள்ளே வருவார். இன்னும் மூன்று வாரம் இருந்தது.

பவுலினோ மனக்கணக்குப் போட்டார். இருநூறு காசு, தலைக்கு இரண்டு யூரோ, ஆக நானூறு. விற்றால் உறையும் நிரம்பும், கையிலும் மிஞ்சும். வாங்கிய விலைக்கே விற்கலாம் என்று நம்பாத காசு சேகரிப்பாளர் இன்னும் பிறக்கவில்லை. நூற்றுநாற்பதை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்குப் பறந்தார்.

மறுவாரம் இழுப்பறை மன்னர்களை ஒரு பையில் கொட்டிக்கொண்டு போனார். இலாரியோ பையைக் கையில் தூக்கிப் பார்த்தார், காய்கறி போல.

"அறுபத்தஞ்சு."

"நானூறுக்கு வாங்கினேன்! உங்ககிட்டயேதான்!"

"நான் வித்ததால தானே தெரியும், அது என்ன சரக்குன்னு. அறுபத்தஞ்சே நம்ம பழக்கத்துக்காக."

வேறு வழியில்லாமல் பவுலினோ அறுபத்தைந்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பக்கத்து மேசையில் தபால்தலை புரட்டிக்கொண்டிருந்த நிக்காசியோ காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார். பவுலினோவின் பால்ய சிநேகிதர். பந்தல் பட்டியலில் பதினேழு வருடமாகக் காத்திருந்து, இப்போது முதல் பெயராக நிற்பவர். வதந்தி எந்த வாயில் பிறந்தது என்று இனிமேல் யாரும் துப்பறிய வேண்டாம்.

அது சாலுத்தை எட்டியது பணம் கட்டும் கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை, கணவாய் மீன் வாங்க வந்த ஒரு அம்மாள் வழியாக. சாலுத் வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தார். ஒற்றைப் பத்து யூரோத் தாள் மல்லாந்து கிடந்தது. ஞாயிறு காலை நல்ல தோடு இரண்டையும் மாட்டிக்கொண்டு கபில்தோ சதுக்கத்துக்கு வந்தார்.

பவுலினோ அங்கே யாரிடமாவது எழுபத்தைந்து யூரோ கடன் கேட்கத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் சேர்த்ததும் போயிற்று.

"எடு," என்றார் சாலுத். "பாக்கலாம், எங்கப்பா பந்தலைத் தின்ன ராஜாவை."

பவுலினோ சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"முடி நல்லாத்தானே இருக்கு?"

"அது டோப்பா."

"ஆம்பளைங்க அப்பவே அப்படித்தானா? எவ்வளவு?"

"அறுநூத்தி இருபது," என்றார் பவுலினோ. பொய் சொல்லலாம் என்ற யோசனை அவருக்கு ராத்திரிதான் வரும்.

பவுலினோ சாலுத்தின் கையிலிருந்த காசை வாங்கி, தானே இலாரியோவின் மேசையில் வைத்தார். "எடுத்துக்குங்கய்யா. நமக்கு வேண்டாம்." சொல்லும்போது காசைப் பார்க்கவில்லை, ஆரஞ்சு மரத்தைப் பார்த்தார்.

"ஐநூறு தரலாம்," என்றார் இலாரியோ.

"கையை எடுங்க," என்றார் சாலுத். இலாரியோவின் கை பின்வாங்கியது. பிறகு கணவரிடம், "மூணு வாரத்துல நூத்தி இருபது நஷ்டத்துக்கு விக்கவாய்யா என் உறையில கைய வெச்ச? ஏன் இலாரியோ ஐயா, ராஜா கன்னத்துல இது என்ன வெட்டு?"

"வெள்ளி அசலான்னு அந்தக் காலத்துல சோதிச்சிருக்காங்கம்மா. அதனாலதானே பாதி விலை."

"எந்தக் காலத்துல வெட்டினா என்ன, வெட்டு வெட்டுதானே? இவரு எத்தனை வருஷமா உங்ககிட்ட வாங்கறாரு?"

"பதினொரு வருஷமா."

"ஒருதடவையாவது பேரம் பேசியிருக்காரா?"

இலாரியோ நேர்மையான மனிதர். மேசைத்துணியைச் சரிசெய்தார். "ரொம்ப மரியாதையான ஆளும்மா."

"அந்த மரியாதைக்கு எவ்வளவு கழிச்சீங்க?"

தபால்தலைக்காரர்கள் வெளிப்படையாகவே சிரித்தார்கள். சாலுத் அசையவில்லை. மீனுக்குப் பேரம் பேசுகிறவர்களை முப்பது வருடம் நின்றே தோற்கடித்தவர் அவர். இலாரியோ பணப்பையைத் திறந்து மூன்று இருபதுகளை எடுத்து வைத்தார். "பழைய வாடிக்கைக்கு," என்றார், யாரும் கேட்காமலே.

உறையில் பத்து, பையில் அறுபத்தைந்து, இந்த அறுபது. இன்னும் பதினைந்து. மணி ஒன்று இருபது.

"உன்கிட்ட இல்லையா, சாலு?" என்றார் பவுலினோ மெதுவாக.

"இருக்கு. அது மின்சாரம். உறையிலேர்ந்து உறைக்குத் தாவினா வீடு என்னத்துக்கு ஆகும்? நீ எடுத்த ஓட்டையை நீயே அடை."

"சரி விடுடா பவுலினோ," என்றார் நிக்காசியோ, குரலில் அவ்வளவு கருணை. "விதின்னு ஒண்ணு இருக்குல்ல. பந்தல்ல உன்னை நான் விருந்தாளியா கூப்பிட மாட்டேனா?"

சாலுத் திரும்பினார். "இவரு பந்தலை வித்துட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?"

"நான் எங்க சொன்னேன்? விசாரிச்சேன்."

"மூணு கடையில விசாரிச்சிருக்கீங்க. கடைக்கு அஞ்சு. எடுங்க பதினஞ்சு."

சதுக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் வாராவாரம் பார்க்கிற முகங்கள். பதினேழு வருடம் காத்திருந்த மனிதர், தன் காத்திருப்பை நீட்டிக்கொள்வதற்கான தொகையைத் தன் பையிலிருந்தே எண்ணி எடுத்தார். "கடன்தான்!" என்று மட்டும் சத்தமாகச் சொன்னார். "அபராதம்," என்றார் சாலுத், அதைவிடச் சத்தமாக.

பவுலினோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தாமியானிடம் ஓடினார். இரண்டு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது தாமியான் பணத்தை எண்ணி, பெயருக்கு நேராகக் கோடு போட்டார். சாலுத்தின் அப்பா பெயர்தான் இன்னும் அங்கே.

ஓதோ இப்போது வரிசையில் பன்னிரண்டாவதாக இருக்கிறான். கன்னத்து வெட்டைப் பார்க்கும்போதெல்லாம் சாலுத், "அறுபது யூரோ வெட்டு" என்கிறார்.

மார்ச் மாத நாற்பது கைக்கு வந்ததும் பவுலினோ பதினைந்தைத் தனியே மடித்து நிக்காசியோவிடம் நீட்டினார்.

"பணம் யாருக்குடா வேணும்?" என்றார் நிக்காசியோ. "பந்தல்ல ஒரு சாயங்காலம் உட்கார வை. கணக்குத் தீர்ந்தது."

பவுலினோ வீட்டில் சொன்னார். சாலுத் யோசித்தார். "வரட்டுமே. உள்ள வர்றதுக்குப் பதினஞ்சு யூரோ."

திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். மடித்த பதினைந்து யூரோ பவுலினோவின் சட்டைப்பையில் இருக்கிறது. நிக்காசியோ வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார். திருப்பிக் கொடுத்தால் அது கடன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், கொடுக்கவே கூடாது என்கிறார் சாலுத்.